கல்லெறிவது யார்? பதில் சொல்வது யார்?

சென்ற மாதம் கிளைக் கூட்டம் ஒன்று முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் ஒரு வாலிபர் நம்மிடம் வந்தார். பால்வெட்டுக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தாயார் இன்றும் விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவர். பையன் டவுனில் வேலை செய்கிறார், நன்றாகப் படிக்கிறார், நாலு விஷயம் தெரிந்தவர். அவர் கேட்ட கேள்வி இது:

"ஐயா, நாம் பதாகை பிடித்து வரிசையாக நிற்கிறோம், மகஜர் கொடுக்கிறோம், கலைந்து போகிறோம். மறுநாள் எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி கிடையாது. வெளிநாட்டில் கறுப்புச் சட்டை போட்டு முகத்தை மூடிக்கொண்டு நாலு கண்ணாடியை உடைக்கிறார்கள். உலகமே திரும்பிப் பார்க்கிறது. நாம் மட்டும் ஏன் இப்படியே இருக்க வேண்டும்?"

அந்த வாலிபர் மீது நமக்குக் கோபம் வரவில்லை. நியாயத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன் வாயிலிருந்துதான் இக்கேள்வி பிறக்கும். ஆனால் நாற்காலி அடுக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அன்று அது. ஆகவே அவருக்கும், அவரைப் போல் நினைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருக்கும் மற்றவர்களுக்கும் இத்தலையங்கத்தின் வாயிலாக நமது அபிப்பிராயத்தைக் கூற முற்படுகிறோம்.

முதலில் அவர் சொன்ன கறுப்புச் சட்டைக்காரர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்வோம். சுமார் 1980-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியில் தோன்றிய முறை இது. காலியான வீடுகளில் குடியேறியவர்களும் அணுசக்தி நிலையங்களை எதிர்த்தவர்களும் போலீசாரின் அடிக்குத் தப்ப, ஒரே நிறத்தில் உடுத்தி முகத்தை மறைத்து ஒரே கூட்டமாக நடந்தார்கள். கறுப்பு அணி என்ற பெயர் அவர்கள் மீது விழுந்தது. அது ஒரு கட்சியும் அன்று, சங்கமும் அன்று; அதற்குத் தலைவரோ உறுப்பினர் சீட்டோ கிடையாது. பெரிய ஊர்வலத்துக்குள் நுழைந்து, வேண்டிய இடத்தில் பிரிந்து, கண்ணாடியை உடைத்து, தடுப்பைத் தள்ளி, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஜனங்களோடு ஜனங்களாகக் கரைந்துவிடுவது அதன் வித்தை. இதைச் செய்கிறவர்களில் பலர் தம்மை அராஜகவாதிகள் என்று அழைத்துக்கொள்வார்கள். நம்முடைய தமிழில் அராஜகம் என்றால் ரௌடித்தனம் என்று பொருளாகிவிட்டது. அது சரியன்று. அரசும் எஜமானும் இல்லாமல் மனிதர் தமக்குள் கூடி வாழ முடியும் என்று உண்மையாகவே நம்பியவர்கள் அராஜகவாதிகள். அவர்களில் தூக்குமேடை ஏறிய உத்தமர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்வோம். நம்முடைய சண்டை அவர்களுடைய தத்துவத்தோடு அல்ல. முகத்தை மறைத்துக்கொண்டு பிறர் கூட்டிய கூட்டத்துக்குள் நுழையும் அந்த முறையோடுதான்.

அந்த முறையை உலகப் பிரசித்தமாக்கியது 1999-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த சம்பவம். உலக வாணிப நிறுவனத்தின் மாநாட்டை எதிர்த்துப் பல்லாயிரக்கணக்கான தொழிற்சங்க உறுப்பினர்களும் மாணவர்களும் திரண்டனர். அன்று காலை மாநாடு குறித்த நேரத்தில் தொடங்க முடியாமல் போனது உண்மை. ஆனால் அதைத் தடுத்தவர்கள் யார் தெரியுமா? முச்சந்திகளில் கையோடு கை பின்னி, நகர மறுத்து உட்கார்ந்த சாதாரண ஜனங்கள். பிரதிநிதிகளால் மண்டபத்துக்குள் போக முடியவில்லை. கறுப்புச் சட்டைக்காரர்கள் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். அதனால் மாநாடு ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. ஆயினும் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வந்தது எது? உடைந்த கண்ணாடி! உட்கார்ந்தவன் செய்த வேலையை உடைத்தவன் படம் மறைத்தது. நம் தம்பி அந்தப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

சியாட்டில் தூரத்து ஊர். நாம் சுபாங் ஜெயாவுக்கே வருவோம்.

இன்றைக்கு சுபாங் ஜெயாவில் அடுக்கு மாடிகளையும் பேரங்காடிகளையும் கல்லூரிகளையும் பார்க்கிறவர்களிடம், இது ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம் என்றால் புருவத்தை உயர்த்துவார்கள். சீபீல்ட் தோட்டம்! 1970-களில் தொடங்கி மரங்கள் சாய்ந்தன, லயங்கள் போயின, பெரட்டு நடந்த களத்தின் மேல் தார் ரோடு வந்தது. தோட்டத்தின் பெயர் ஒரு தமிழ்ப் பள்ளியின் பலகையிலும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் பெயரிலும் தங்கியிருக்கிறது. அந்தக் கோயிலைச் சுற்றித்தான் 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்தத் துயரம் நடந்தது.

நிலம் மேம்பாட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். கோயிலோ தோட்டக் காலத்திலிருந்தே அங்கே இருப்பது. 2014-இல் நீதிமன்றத்தில் ஒரு சமரசத் தீர்ப்பு ஏற்பட்டது. கோயில் வேறோர் இடத்துக்கு மாறுவதென்று முடிவு. கோயிலைச் சார்ந்தவர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்கவில்லை. வழக்கின் நெளிவு சுளிவுகளுக்குள் நாம் போக விரும்பவில்லை. நவம்பர் 26-ஆம் நாள், விடியுமுன், ஊர் உறங்கும் நேரத்தில் ஆயுதங்களோடு ஒரு கூட்டம் கோயிலுக்குள் புகுந்தது. உள்ளே இருந்த பக்தர்கள் அடிபட்டார்கள். வெளியே வண்டிகள் தீப்பற்றி எரிந்தன. வந்தவர்கள் பணம் கொடுத்து அமர்த்தப்பட்டவர்கள் என்று அந்த வாரத்திலேயே அன்றைய உள்துறை அமைச்சர் முகிதீன் யாசின் அறிவித்தார்.

அன்று பகல் முழுவதும் நியாயம் யார் பக்கம் இருந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மதம் பாராமல், இனம் பாராமல், இந்நாட்டில் மனச்சாட்சி உள்ள எவனும் அடிபட்ட பக்தன் பக்கம்தான் இருந்திருப்பான். கூலிப்படையை ஏவுவது அநியாயம் என்பதைச் சொல்ல வேதாந்தம் வேண்டுமா?

இரவு வந்தது. கைப்பேசியில் செய்தி பறந்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து குவிந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கோயிலுக்குக் காவல் நிற்க வந்தவர்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் யார் யாரை அறிவார்? தொண்டர் இல்லை, கைப்பட்டை இல்லை, பொறுப்பாளர் இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பகுதி பிரிந்து அருகிலிருந்த மேம்பாட்டு நிறுவனத்தின் கட்டடத்துக்குப் போனது. கண்ணாடிகள் நொறுங்கின. மறுபடியும் வண்டிகள் எரிந்தன. எரிகிற தீயை அணைக்கத் தீயணைப்புப் படையினர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் முகமது அடிப். வயது 24. கல்யாணத்துக்கு நாள் குறித்து வைத்திருந்தவர். நவம்பர் 27-ஆம் நாள் அதிகாலையில் அந்த இடத்தில் படுகாயமுற்றார். டிசம்பர் 17-ஆம் நாள் மருத்துவமனையில் இறந்தார்.

அவரும் ஓர் ஊழியர். மாதச் சம்பளத்துக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவர். தொழிற்சங்கப் பத்திரிகையாகிய நாம் இதை முதலில் சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

அவர் இறந்த விதத்தைப் பற்றி மரண விசாரணை நடந்தது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் விசாரணை நீதிபதி முடிவு கூறினார்: அடையாளம் தெரியாத இருவர் அல்லது இருவருக்கு மேற்பட்டோரின் குற்றச் செயலால் நேர்ந்த மரணம். வாசகர்கள் இந்தச் சொற்களை இன்னொரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். அடையாளம் தெரியாதோர்! கை யாருடையது என்று தெரியவில்லை. ஆனால் கூட்டம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத கைக்கு விலங்கு மாட்ட முடியாது. தெரிந்த கூட்டத்தின் மீது பழி போட முடியும். அப்படியே நடந்தது. கூலிப்படையை ஏவியவர் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. ஒரு நிலத் தகராறு இனத் தகராறாகப் பேசப்பட்டது. இன வெறுப்பில் குளிர்காயக் காத்திருந்தவர்களுக்கு ஓர் இளைஞனின் மரணம் ஆண்டுக்கணக்கில் விறகாயிற்று. அன்றிரவு கைகூப்பி நின்ற கிழவிக்கும், தீ வைத்தவனுக்கும், கூட்டத்துக்குள் எதற்கு வந்தான் என்றே தெரியாத மூன்றாம் பேர்வழிக்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டது.

சுபாங் ஜெயாவில் நடந்தது அராஜகவாதிகளின் வேலையன்று. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே தத்துவம் எதுவும் இருக்கவில்லை. ஆத்திரம் இருந்தது, இருட்டு இருந்தது. ஆனால் கறுப்பு அணி திட்டம் போட்டு உண்டாக்குகிற நிலைமை எதுவோ, அதுவே அங்கே திட்டமில்லாமல் உண்டாயிற்று: பெரிய கூட்டம், தெரியாத கை. இந்த இரண்டும் சேர்ந்தால் விளைவு எங்கும் ஒன்றுதான்.

பத்துமலையை நினைத்துப் பாருங்கள். 2007-ஆம் ஆண்டு நவம்பர் 25. கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி. பல்லாயிரம் பேர் காந்தியடிகளின் படத்தை ஏந்தி வந்தார்கள். கண்ணீர்ப் புகையும் இரசாயன நீரும் அவர்கள் மீது பாய்ந்தன. அதற்கு முந்திய இரவிலிருந்து பத்துமலைக் கோயில் வளாகத்தில் திரண்டிருந்தவர்கள் மீதும் புகைக் குண்டு வீசப்பட்டது. அந்த அமளியில் போலீஸ்காரர் ஒருவர் தாக்கப்பட்டுக் காயமடைந்தார். அதற்காக 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டது! ஒரு காயத்துக்கு முப்பத்தோரு கொலைகாரரா என்று நாடு கேட்டது. பின்னர் அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. எனினும் அந்த முப்பத்தொரு குடும்பங்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்திருக்கும்?

அந்தப் பேரணியின் பலன் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து தலைவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார்கள். ஆயினும் நான்கு மாதம் கழியுமுன், 2008 மார்ச் 8-ஆம் நாள் தேர்தலில் ஆளுங்கூட்டணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, படம் ஏந்தி நின்ற முகங்களின் மேல் தண்ணீர் பாய்ந்த காட்சியை நாடு கண்டது. முகம் தெரிந்ததால்தான் அக்காட்சிக்கு வலு. அதே ஜனங்கள் முகமூடி போட்டு நின்றிருந்தால், நீர் பாய்ச்சியவன் பேரில் குறை காண யாருக்குத் தோன்றியிருக்கும்?

மே தினம் கொண்டாடும் நமக்கு இது புதுப் பாடமும் அன்று. மே தினமே இந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான். 1886-ஆம் ஆண்டு மே முதல் நாள் அமெரிக்கத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் சிக்காகோவில் ஓர் ஆலைவாசலில் போலீசார் சுட்டுத் தொழிலாளர் இறந்தனர். அதைக் கண்டித்து நான்காம் நாள் மாலை ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம். அமைதியாக நடந்து முடியும் தறுவாயில், மழைக்குப் பயந்து பாதிப்பேர் வீட்டுக்குப் போன பிறகு, போலீஸ் அணிவகுத்து உள்ளே வந்தது. யாரோ ஒருவன் வெடிகுண்டை வீசினான். ஏழு போலீஸ்காரர்களும் தொழிலாளர் சிலரும் மாண்டனர்.

வீசியவன் யார்? இன்றுவரை தெரியாது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தெரியாது! ஆனால் எட்டு அராஜகவாதிகள் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். அவர்கள் எல்லாரும் முகத்தைக் காட்டியவர்கள், மேடையில் பேசியவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள். குண்டு வீசியதாக அவர்கள் மீது நிரூபிக்கப்படவில்லை. பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கெல் என்ற நால்வரை 1887 நவம்பர் 11-இல் தூக்கிலிட்டார்கள். ஒருவர் தூக்குக்கு முந்திய நாள் சிறையிலேயே மாண்டார். மீதமிருந்த மூவருக்கு 1893-இல் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட் மன்னிப்பு வழங்கி, நடந்த விசாரணை நியாயமானதன்று என்று எழுதினார். எட்டு மணி நேர இயக்கமோ அந்தக் குண்டுக்குப் பின் ஆண்டுக்கணக்கில் தலைதூக்க முடியாமல் கிடந்தது. தொழிலாளி என்றாலே குண்டுக்காரன் என்று முதலாளிப் பத்திரிகைகள் எழுதின. முன்னால் உத்தமர்கள் என்று நாம் சொன்னது இவர்களைத்தான். முகம் மறைத்தவன் வீசிய குண்டுக்கு முகம் காட்டிய அராஜகவாதிகளே கழுத்தைக் கொடுத்தார்கள்.

"அப்படியானால் எறிகிறவன் யார் ஆளோ?" என்று சிலர் கேட்பது நம் காதில் விழுகிறது. நல்ல கேள்வி. அதற்கும் ஒரு சம்பவம் உண்டு. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கனடாவின் மொண்டபெல்லோ என்ற ஊரில் மூன்று நாட்டுத் தலைவர்கள் கூடினார்கள். தொழிற்சங்கத்தாரும் பொதுமக்களும் அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்துக்கொண்டிருந்தபோது, முகத்தைத் துணியால் மூடிய மூவர் முன்னே வந்தனர். ஒருவன் கையில் கல். காகிதத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவ் கோல்ஸ் என்பவர் நேரே அவர்களிடம் போய், "கல்லைக் கீழே போடு, முகமூடியை எடு" என்று எல்லார் முன்னிலும் கேட்டார். மூவரும் மெல்லப் போலீஸ் வரிசைப் பக்கமே ஒதுங்கினார்கள். பிடிபட்டுக் கீழே கிடந்தபோது எடுத்த படத்தில் அவர்களுடைய பூட்ஸின் அடிப்பாகம் போலீசாரின் பூட்ஸைப் போலவே இருந்தது. சில நாட்களில் கியூபெக் மாநிலப் போலீஸ், ஆம், அவர்கள் எங்கள் ஆட்களே என்று ஒப்புக்கொண்டது.

முகமூடி யாருக்கும் பொருந்தும். கோபக்கார இளைஞனுக்குப் பொருந்தும்; நிர்வாகம் அனுப்பிய ஆளுக்கும் பொருந்தும். முகமூடி போட்டவர்களுக்கு ஊர்வலத்தில் இடம் கொடுத்த சங்கம், அந்த இரண்டு பேரையும் பிரித்தறியும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. கோல்ஸின் சங்கத்தார் முகத்தை மூடாமல் நின்றதால்தான் மூடியவன் தனியாகத் தெரிந்தான்.

இன்னொன்றும் உண்டு. இது தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். முகத்தை மறைத்து அடித்துவிட்டு மறையும் வித்தை, மறைய இடம் உள்ளவனுக்கு ஏற்பட்டது. பெர்லினில் ஒருவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ரயிலேறினால் பல லட்சம் பேரில் ஒருவன் ஆகிவிடுவான். பால்வெட்டுத் தொழிலாளி எங்கே போய் மறைவான்? செக்ரோலில் பெயர் இருக்கிறது. எத்தனையாம் நிரை என்று மண்டோருக்குத் தெரியும். குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். முகமூடி போட்டாலும் நடையைப் பார்த்தே இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார்கள். வெளியிலிருந்து வந்து நம் ஊர்வலத்தில் கல்லெறிகிறவன் அன்று மாலையே தன் ஊருக்குப் போய்விடுவான். மறுநாள் பெரட்டில் துரைக்கு முன்னால் நிற்கப்போவது நாம்.

1948-இல் நம் முன்னோர் பட்ட பாட்டை மறக்கலாமா? அக்காலத்துக் கிளர்ச்சிக்காரர்கள் அராஜகவாதிகள் அல்லர், கம்யூனிஸ்டுகள்; ஆயினும் அடி விழுந்த இடம் ஒன்றே. ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். உடனே அவசரகாலம் பிரகடனமாயிற்று. தொழிற்சங்கங்களை நசுக்கும் வேலையைச் சர்க்கார் அதற்குச் சில நாள் முன்பே தொடங்கிவிட்டது என்பது உண்மை. சட்டத்தைத் திருத்திச் சம்மேளனத்தின் பதிவை அது பறித்துவிட்டது. ஆனால் அந்தத் துப்பாக்கிச் சத்தம் சர்க்காருக்குத் தேவைப்பட்ட சாக்கைக் கையில் கொடுத்தது. அதன்பின் சங்கம் என்று வாய் திறந்தவனெல்லாம் சந்தேகத்துக்கு ஆளானான். சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். காட்டிலிருந்து வந்தவர்கள் முதலாளிக்கு நஷ்டம் உண்டாக்குவதாக நினைத்து ரப்பர் மரங்களின் பட்டையை வெட்டிச் சிதைத்தார்கள். அந்த மரத்தை வெட்டிப் பிழைத்தவன் யார்? லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. சங்கங்கள் மறுபடியும் நிமிர்ந்து, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட ஆறு ஆண்டுகள் பிடித்தன.

"அப்படியானால் பொறுத்துக் கிடக்கச் சொல்கிறீர்களா?" என்று தம்பி கேட்பார். இல்லை. பொறுத்துக் கிடக்காதவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதற்குக் கிள்ளான் வட்டாரமே சாட்சி.

1941-ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்த ஆர்.எச். நாதன் அதன் உயிர்நாடி. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும். பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்க வேண்டும். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்! (நமது கிராணி நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்று சங்கத்தில் நம் பக்கத்து நாற்காலியில் இருக்கிறவர்கள் அவர்கள்.) இந்தக் கோரிக்கைகளுக்காக அந்த ஜனங்கள் எடுத்த ஆயுதம் எது? பால்வெட்டுக் கத்தியை எடுக்காமல் இருந்ததுதான். காந்தித் தொப்பி அணிந்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். யுத்தகாலம், ரப்பருக்கு உலகமே ஏங்கிய சமயம். மங்கில் பால் விழவில்லை என்றால் அது லண்டன் வரை கேட்டது. கூலி உயர்ந்தது. ஒரு கண்ணாடியும் உடையாமலே உயர்ந்தது.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவிற்று. துருப்புகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். அமைதியாக இருந்தால் அடி விழாது என்று நாம் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் அந்த ஐவருக்குச் செய்யும் துரோகம். அடி விழும். ஆனால் விழுந்த அடி யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதுதான் கேள்வி. 1941-இல் சிந்திய இரத்தம் சர்க்காரின் கணக்கில் ஏறியது. இன்றும் சரித்திரம் படிக்கிறவன் அந்தத் துப்பாக்கியைத்தான் குறை சொல்கிறான், அந்தத் தொழிலாளியை அல்ல. சுபாங் ஜெயாவில் 26-ஆம் நாள் காலைக் கணக்கு கூலிப்படையை ஏவியவன் பெயரில் இருந்தது. 27-ஆம் நாள் காலை அது கைமாறிவிட்டது. ஒரே இரவில்!

தொண்டர் முறையும் நமக்குப் புதிதன்று. யுத்தம் முடிந்த பின் 1946, 47-இல் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தொண்டர் படை அமைத்தார். கள்ளை ஒழிக்க எழுந்த படை. கட்டுப்பாடு மிகுந்த படை. குடித்தவனை அவர்கள் பலாத்காரமாகத் தண்டித்ததும் உண்டு. அது தவறு என்பது நம் கருத்து. போலீசார் அப்படையை அடக்கினார்கள். ஆனால் ஒரு தோட்டத்து ஜனங்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியும் என்பதை அவர்கள் காட்டிவிட்டுப் போனார்கள்.

சட்டமும் இன்று முற்றிலும் நமக்கு எதிரானதன்று. தொழில் தகராறில் வேலையிடத்தின் அருகே மறியல் நிற்க 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் இடமளிக்கிறது. மிரட்டக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது, அவ்வளவே. 2025 ஜூலை முதல் நாள் கூட்டரசு நீதிமன்றம், முன்னறிவிப்புக் கொடுக்காமல் அமைதியாகக் கூடுவதைக் குற்றமாக்கிய விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை வாங்கித் தந்தது அமைதியாகக் கூடியவர்களின் வழக்கு. கல்லெறிந்தவன் இந்த வழக்கைப் போட்டிருக்க முடியுமா?

பத்திரிகையில் வரவில்லை என்ற குறை மெய்யானது. அதற்கு வழி தேட வேண்டியது சங்கத்தின் கடமை. இதுவரை நாம் போதுமான அளவு செய்யவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். பதாகையில் "நீதி வேண்டும்" என்று பொதுவாக எழுதுகிறோம். என்ன நீதி, எத்தனை வெள்ளி, எத்தனை மாதமாக என்று எழுதுவதில்லை. சம்பளச் சீட்டைப் பெரிதாக எழுதி ஒரு பெண் தொழிலாளி கையில் பிடித்து நின்றால் நிருபர் படம் எடுப்பார். தம்பியைப் போன்ற வாலிபர்கள் கைப்பேசியில் படம் பிடிக்கத் தெரிந்தவர்கள். அந்த வேலையை அவர்களிடம் ஒப்படைப்பதாக இருக்கிறோம். கல்லைவிட அது கனமான பொருள்.

எதிர்வரும் மே தின ஊர்வலத்துக்குக் கிளைகள் செய்ய வேண்டிய ஏற்பாடுகளை இங்கே கூறிவிடுகிறோம். வருகிறவர்களின் பெயரைக் கிளைக்கு ஒரு கிராணி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பெரட்டுக்குப் பெயர் கூப்பிடுவது போலவே புறப்படுமுன் கூப்பிட வேண்டும். இருபது பேருக்கு ஒரு தொண்டர். தொண்டர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும், கூட்டம் கொதிக்கிறபோது அக்காமார் சொல்லுக்கு அடங்குகிற மாதிரி ஆண் சொல்லுக்கு அடங்குவதில்லை. மழைக்குக் குடை பிடிக்கலாம், முகத்தை மூடக் கூடாது. முன்பின் தெரியாதவர் வரிசைக்குள் வந்தால், "எந்தத் தோட்டம், அண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள், பதில் வராவிட்டால் தொண்டரிடம் சொல்லுங்கள். எங்கேயாவது எவனாவது கல்லை எடுத்தால் ஓடாதீர்கள், அவனோடு மல்லுக்கும் போகாதீர்கள். தொண்டர் ஊதல் ஊதியதும் எல்லாரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். எல்லாரும் உட்கார்ந்தபின் நிற்கிறவன் எவன் என்று போலீசுக்கும் தெரியும், படம் பிடிக்கும் நம் பிள்ளைக்கும் தெரியும்.

கைப்பட்டைகள் தைக்கக் கொடுத்தாயிற்று. கிளைச் செயலாளர்கள் தமக்கு எத்தனை வேண்டுமென்பதை இம்மாதக் கடைசிக்குள் தலைமையகத்துக்கு எழுதிவிட வேண்டுகிறோம். கேள்வி கேட்ட வாலிபர் தம் கிளைக்குத் தொண்டர் பொறுப்பை ஏற்க இசைந்திருக்கிறார்.